பெயரை மறைத்தால் விலை இறங்கும்: நியூயார்க் ஹோட்டல் அறைகளும் ஏலத் தளங்களும் – ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரத்தின் மையப் பகுதியான மன்ஹாட்டனில் ஒரு ஹோட்டல். ஒரே மாடியில் அடுத்தடுத்த இரண்டு அறைகள். ஒரு அறையில் தங்கியிருப்பவர் கொடுத்த வாடகையில் பாதியைத்தான் அடுத்த அறைக்காரர் கொடுத்திருப்பார். படுக்கை, ஜன்னல், குளியலறை எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெருநகர ஹோட்டல்களில் இது சர்வசாதாரணம்.

அந்தக் குறைந்த விலை யாருக்குக் கிடைக்கிறது, எதை விட்டுக்கொடுத்ததால் கிடைக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். எடுத்துக்கொண்ட நிகழ்வு, அமெரிக்காவின் பிரைஸ்லைன் என்ற பயணப் பதிவுத் தளம் பல ஆண்டுகள் நடத்திய ‘உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்’ என்ற ஏல முறை. ஊர், நியூயார்க். அந்த ஏலம் இன்று நடப்பதில்லை. ஆனால் இப்போது டிஸ்கவுண்ட் தளங்களில் ‘ரகசிய விலை’ என்று விற்கப்படுகிற ஒவ்வொரு அறைக்குப் பின்னாலும் அதே கணக்குதான் ஓடுகிறது. அந்தக் கணக்கு புரிந்தால் எப்போது துணியலாம், எப்போது ஒதுங்கலாம் என்று நாமே முடிவு செய்யலாம்.

பெருநகரத்துக்கு எல்லோரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. மருத்துவமனைக்கு, நேர்முகத் தேர்வுக்கு, பிள்ளையின் பட்டமளிப்பு விழாவுக்கு, விசா வேலைக்கு என்று போகிறவர்கள் நிறைய. மூன்று இரவு வாடகைக்கே சேமிப்பில் கை வைக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் அவர்களில் பலர். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஹோட்டல் ஏன் தன் பெயரை மறைக்கிறது?

இன்று இரவு காலியாக இருந்த அறையை நாளைக்கு எடுத்து விற்க முடியாது. கிளம்பிவிட்ட பஸ்ஸின் காலி சீட் மாதிரி, போனது போனதுதான். கட்டடக் கடன், வரி, ஊழியர் சம்பளம் எல்லாம் அறை நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு விருந்தாளி கூடுதலாக வந்தால் ஆகிற செலவு என்பது அறையைத் துடைப்பது, படுக்கை விரிப்பைத் துவைப்பது, சோப்பு, மின்சாரம், தண்ணீர். வாடகையோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. அதற்கு மேலே எந்த விலை கிடைத்தாலும் ஹோட்டலுக்கு லாபமே.

அப்படியென்றால் மாலையில் விலையைக் குறைத்து வெளிப்படையாகவே விற்றுவிடலாமே? அங்கேதான் சிக்கல். இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி விலையை இறக்கினால், முழு விலை கொடுக்கத் தயாராக இருந்தவரும் குறைந்த விலையில்தான் வாங்குவார். முன்பே பதிந்தவர் கேன்சல் செய்துவிட்டுப் புதிய விலையில் மறுபடி பதிவார். ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கும் கம்பெனிகள், ‘எங்களிடம் மட்டும் ஏன் அதிகம்?’ என்று கேட்கும். எதிர் வரிசையில் இருக்கும் ஹோட்டலும் உடனே விலையைக் குறைக்கும்.

எனவே ஹோட்டலுக்கு இரண்டு விலை தேவைப்படுகிறது: பெயரோடு ஒன்று, பெயர் இல்லாமல் ஒன்று. அலுவலகச் செலவில் வருகிறவருக்குக் குறிப்பிட்ட ஹோட்டல், குறிப்பிட்ட தெரு, எப்போது வேண்டுமானாலும் கேன்சல் செய்யும் வசதி எல்லாம் வேண்டும். அவர் பெயர் தெரியாத அறையைத் தொடவே மாட்டார். கைக்காசு போட்டு வருகிறவர், ‘நல்ல இடமாக இருந்தால் போதும், எந்த ஹோட்டலாக இருந்தால் என்ன?’ என்பார். இந்த இரண்டு பேரையும் பிரிக்கிற திரைதான் அந்த மறைப்பு. டிஸ்கவுண்ட் என்று நமக்குக் கிடைப்பது, நாம் தெரிந்துகொள்ளாமல் விட்டதற்கும் மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கைவிட்டதற்கும் கிடைக்கிற கூலி.

ஏலம் வந்த கதை

ஜே வாக்கர் தொடங்கிய பிரைஸ்லைன் 1998 ஏப்ரலில் விமானச் சீட்டுகளோடு இயங்க ஆரம்பித்தது. அதே ஆண்டின் கடைசியில் ஹோட்டல் அறைகளும் சேர்ந்தன. வாங்குபவர் விலை சொல்ல, விற்பவர் ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் இந்த முறைக்கு 1998 ஆகஸ்டில் அமெரிக்கக் காப்புரிமையும் (பேட்டன்ட்) கிடைத்தது. மைக்ரோசாஃப்டின் பயணத் தளமான எக்ஸ்பீடியா இதே போன்ற வசதியைக் கொண்டுவந்தபோது 1999-இல் பிரைஸ்லைன் வழக்குப் போட்டது. 2001-இல் அது சமரசத்தில் முடிந்தது.

2000-இல் ஹாட்வயர் என்ற போட்டித் தளம் வந்தது. சில அமெரிக்க விமான நிறுவனங்களும் ஒரு முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது அது. அங்கே ஏலம் கிடையாது. விலையைத் தளமே சொல்லிவிடும். பெயரை மட்டும் பணம் கட்டிய பிறகு காட்டும். இன்று நிலைத்திருப்பது இந்த வடிவம்தான்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க ஹோட்டல்கள் காலியாகக் கிடந்தன. எப்படியாவது நிரப்பினால் போதும் என்று அவை இந்தத் தளங்களிடம் அறைகளைக் கொடுத்தன. அந்தச் சில ஆண்டுகளில், விலை சொல்லத் தெரிந்தவர்களுக்கு மன்ஹாட்டனின் நான்கு ஸ்டார் அறைகூட எட்டும் விலையில் கிடைத்தது.

விலை சொல்வது எப்படி நடந்தது

இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

நீங்கள் ஊரையும் தேதியையும் கொடுக்க வேண்டும். நகரம் பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்றையோ பலவற்றையோ தேர்ந்தெடுக்கலாம். அடுத்து எத்தனை ஸ்டார் வேண்டும் என்று சொல்ல வேண்டும். பிறகு ஓர் இரவுக்கு எவ்வளவு தருவீர்கள் என்ற தொகை. கடைசியில் கிரெடிட் கார்டு எண். விலை ஏற்கப்பட்டால் அந்த நொடியே பணம் எடுக்கப்படும். அதன் பிறகுதான் ஹோட்டலின் பெயர் தெரியும். மாற்ற முடியாது, ரத்து செய்ய முடியாது, பணம் திரும்ப வராது. ஏற்கப்படாவிட்டால் அதே கோரிக்கையில் விலையை மட்டும் கூட்டி மறுபடி முயல ஒரு நாள் காத்திருக்க வேண்டும். உடனே முயல வேண்டுமென்றால் மண்டலம், ஸ்டார், தேதி இவற்றில் ஏதாவது ஒன்றை மாற்றியாக வேண்டும்.

திரைக்குப் பின்னால் நடந்தது எளிமையானது. ஒவ்வொரு ஹோட்டலும் தனக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வர வேண்டும் என்பதைத் தளத்திடம் முன்பே கொடுத்திருக்கும். நீங்கள் சொன்ன தொகை அதைத் தாண்டினால் அறை உங்களுக்கு. இடையில் உள்ள வித்தியாசம் தளத்துக்கு. அதாவது, நீங்கள் தாராளமாகச் சொன்னதால் ஹோட்டலுக்கு ஒரு காசும் கூடுதலாகப் போவதில்லை.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் கிழக்குப் பக்கம் இருக்கும் மிட்டவுன் ஈஸ்டில் நான்கு ஸ்டார் ஹோட்டல் ஒன்று. வெளியில் 260 டாலர். தளத்திடம் அது சொல்லிவைத்திருக்கும் குறைந்தபட்சத் தொகை 140. ஒருவர் 180 என்று சொன்னார், உடனே கிடைத்தது. எண்பது டாலர் மிச்சம் என்று அவருக்குச் சந்தோஷம். இன்னொருவர் 110-இல் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறி 145-இல் வாங்கினார். இரண்டு பேருக்கும் ஒரே அறைதான். முதலாமவர் கூடக் கொடுத்த 35 டாலர் தளத்தின் லாபக் கணக்கில் சேர்ந்தது.

சரி, ஒரு நாள் காத்திருக்காமல் அந்த இரண்டாமவர் எப்படிப் படிப்படியாக ஏறினார்? அதுதான் ‘இலவச மறு ஏலம்’ என்று பயணிகள் பெயர் வைத்துக்கொண்ட வழி. ஒரு மண்டலத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் அங்கே எந்தெந்த ஸ்டார் நிலைகள் உண்டு என்பதைத் தளமே காட்டும். இல்லாத நிலைகள் மங்கலாகத் தெரியும். நான்கு ஸ்டாரே இல்லாத மண்டலங்களை முதலில் குறித்துவைத்துக்கொள்வார்கள். முதல் முயற்சி மிட்டவுன் ஈஸ்டுக்கு மட்டும். தோற்றால், நான்கு ஸ்டார் இல்லாத ஒரு மண்டலத்தைச் சேர்த்து விலையைக் கூட்டுவார்கள். கோரிக்கை மாறிவிட்டதால் தளம் உடனே ஏற்கும். ஆனால் சேர்த்த மண்டலத்தில் அந்தத் தரத்தில் ஹோட்டலே இல்லை. எனவே அறை கிடைத்தால் மிட்டவுன் ஈஸ்டில்தான் கிடைக்கும். அப்படி எத்தனை மண்டலங்கள் கிடைத்தனவோ அத்தனை படிகள் ஏறலாம்.

தளத்தின் விதிகளுக்கு உட்பட்டே, தளம் காட்டிய தகவலை வைத்தே செய்தது இது. இதைக் கண்டுபிடித்தவர்கள் மூடிவைத்துக்கொள்ளாமல், எந்த மண்டலத்தில் எந்தத் தேதிக்கு என்ன விலை ஏற்கப்பட்டது என்று இணையத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் இப்படிச் சேர்ந்து ஒரு விலைப் பட்டியலையே உருவாக்கினார்கள். அதைப் படித்தவர், 110-இல் ஆரம்பிப்பதா 90-இல் ஆரம்பிப்பதா என்று குத்துமதிப்பாகவாவது முடிவு செய்ய முடிந்தது. இந்த நிகழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். தகவல் ஒரு பக்கம் மட்டும் குவிந்திருந்த சந்தையில், வாங்குகிறவர்கள் பேசிக்கொண்டதாலேயே தராசு கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்தது.

ஏலம் ஏன் ஓய்ந்தது

விமானச் சீட்டுக்கான ஏலத்தை பிரைஸ்லைன் 2016-இல் நிறுத்தியது. வாடகைக் கார், ஹோட்டல் ஏலங்களும் அப்புறம் ஒவ்வொன்றாக மறைந்தன. காரணங்களைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். விலை சொல்லி, தோற்று, மறுபடி சொல்லி என்ற வேலைக்குப் பெரும்பாலானவர்களிடம் பொறுமை இல்லை. கைபேசியின் சிறிய திரையில் அது இன்னும் சிரமம்.

இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. 2005-இல் பிரைஸ்லைன், ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஒரு சிறிய ஹோட்டல் பதிவு நிறுவனத்தைச் சுமார் 13 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதுதான் இன்றைய புக்கிங் டாட் காம். பெயர் வெளிப்படை, விலை வெளிப்படை, பல அறைகளுக்கு இலவச கேன்சல், பணத்தை ஹோட்டலில் கொடுத்தால் போதும் என்ற வசதி எல்லாம் அங்கே இருந்தன. அந்த வியாபாரம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகி, 2018-இல் தாய் நிறுவனமே தன் பெயரை புக்கிங் ஹோல்டிங்ஸ் என்று மாற்றிக்கொண்டது. நிம்மதியாகப் பதிவதற்கு மக்கள் கூடுதலாகவே கொடுக்கத் தயார் என்பது தெரிந்த பிறகு, ஏலத்தைக் கட்டிக்காக்க நிறுவனத்துக்கு அவசியமில்லை.

இப்போது என்ன இருக்கிறது

ஏலம் போனாலும் பெயர் மறைப்பு போகவில்லை. பிரைஸ்லைன் 2012-இல் கொண்டுவந்த ‘எக்ஸ்பிரஸ் டீல்’, ஹாட்வயரின் ‘ஹாட் ரேட்’ இரண்டும் ஒரே வகை. பகுதி, ஸ்டார், விருந்தாளிகளின் மதிப்பெண், சில வசதிகள், விலை எல்லாம் தெரியும். பெயர் மட்டும் தெரியாது. பிரைஸ்லைனிலேயே ‘பிரைஸ்பிரேக்கர்’ என்று ஒன்று உண்டு. மூன்று ஹோட்டல்களின் பெயரைக் காட்டி, இவற்றில் ஒன்று உங்களுக்கு என்று விற்பார்கள். முதல்முறை முயல்கிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். மூன்றில் எது வந்தாலும் சரி என்று தோன்றினால் வாங்கலாம், ஒன்று பிடிக்காவிட்டாலும் விட்டுவிடலாம்.

மற்ற இரண்டிலும் பெயரை ஊகிக்க ஓரளவு வழி இருக்கிறது. அதே தளத்தின் பெயர் தெரிந்த பட்டியலைத் திறந்து, அதே பகுதி, அதே ஸ்டார், அதே மதிப்பெண் என்று சல்லடை போட்டால் மிச்சம் நிற்பது பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஹோட்டல்களே. நீச்சல் குளம் உண்டா, உடற்பயிற்சிக் கூடம் உண்டா என்பதையும் சேர்த்தால் இன்னும் குறையும். கோடு போட்டு அடித்துக் காட்டிய ‘பழைய விலை’யும் ஒரு தடயம்.

ஊகம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி மட்டும் பணம் கட்டக் கூடாது. சல்லடையில் நிற்கும் ஹோட்டல்களில் உங்களுக்கு மிகவும் பிடிக்காதது எதுவோ, அதுதான் வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஹோட்டலை இந்த விலைக்கு, பெயர் தெரிந்தே வாங்குவீர்களா? ஆமாம் என்றால் பணம் கட்டலாம். நல்லது வந்தால் லாபம். ஏல காலத்திலும் நிதானமாக விளையாடியவர்கள் செய்தது இந்தக் கணக்கைத்தான்.

ஸ்டார் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஹோட்டல்களுக்கு அரசாங்கம் ஸ்டார் கொடுப்பதில்லை. ஒவ்வொரு தளமும் தன் கணக்குப்படி போட்டுக்கொள்கிறது. ஒரே கட்டடம் ஒரு தளத்தில் மூன்றரை, இன்னொன்றில் நான்கு. எனவே ஸ்டாரை விட, நிறைய பேர் போட்ட மதிப்பெண்ணைக் கூடுதலாக நம்பலாம். மன்ஹாட்டனில் அறைகள் சிறியவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்டார் அறையிலும் இரண்டு பெட்டிகளை விரித்துவைக்க இடம் தேட வேண்டியிருக்கும்.

பல தளங்களில் தேடிவிட்டேன், எல்லாவற்றிலும் ஒரே விலைதான் என்று பலர் சொல்வதுண்டு. காரணம் இருக்கிறது. புக்கிங் டாட் காம், பிரைஸ்லைன், அகோடா, கயாக் நான்கும் ஒரே நிறுவனத்தின் கீழ். எக்ஸ்பீடியா, ஹோட்டல்ஸ் டாட் காம், ஹாட்வயர், ஆர்பிட்ஸ், டிராவலாசிட்டி எல்லாம் இன்னொரு நிறுவனத்தின் கீழ். இவற்றில் எட்டுத் தளங்களைத் திறந்தாலும் நீங்கள் கேட்டது இரண்டே வீடுகளில்தான். அதனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று, அப்புறம் ஹோட்டலின் சொந்தத் தளம் என்று பார்த்தால் போதும். சொந்தத் தளத்தைத் தவறவிடக் கூடாது. அங்கே இலவசமாக உறுப்பினர் ஆனாலே பல ஹோட்டல்கள் சிறிது குறைத்துத் தருகின்றன.

தேதிதான் பெரிய டிஸ்கவுண்ட்

எந்தத் தளம் என்பதை விட எந்தத் தேதி என்பதே நியூயார்க்கில் அதிகம் தீர்மானிக்கிறது. ஜனவரியும் பிப்ரவரியும் மலிவான மாதங்கள். குளிர் கடுமையாக இருக்கும். ஆனால் டிசம்பரில் கை வைக்க முடியாத ஹோட்டல்கள் அப்போது இறங்கி வரும். கோடையின் நடுப்பகுதி, அலுவலகப் பயணங்கள் குறைவதால், இலையுதிர் காலத்தை விடப் பரவாயில்லை. செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்கு உலகத் தலைவர்கள் வரும் வாரத்தில் மிட்டவுன் ஈஸ்ட் பக்கம் தலையே வைக்க வேண்டாம். நவம்பரின் முதல் ஞாயிறு மாரத்தான். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓடுகிறார்கள், அவர்களோடு குடும்பமும் வருகிறது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) வாரத்திலிருந்து புத்தாண்டு வரை விலை உச்சம். இப்படி ஊரே நிரம்பும் நாட்களில் எந்த ரகசிய விலையும் கைகொடுக்காது. காலி அறை இருந்தால்தான் திரைக்குப் பின்னால் விற்க ஏதாவது இருக்கும்.

வாரத்துக்குள்ளேயும் ஏற்ற இறக்கம் உண்டு. வால் ஸ்ட்ரீட் இருக்கும் நிதி மாவட்டத்தில் வங்கி, கம்பெனி வேலையாக வருகிறவர்களே அதிகம். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் அந்த ஹோட்டல்கள் காற்றாடும். மலிவு விலைகள் அங்கே வாரக்கடைசியில்தான் தலைகாட்டும். சுற்றுலாப் பயணிகள் குவியும் டைம்ஸ் சதுக்கத்தில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

ஆற்றைத் தாண்டினாலும் விலை இறங்கும். குயின்ஸில் உள்ள லாங் ஐலண்ட் சிட்டியின் கோர்ட் ஸ்குவேர் நிலையத்தில் ‘E’ வழித்தட சப்வே (நகர ரயில்) ஏறினால் அடுத்த நிறுத்தமே மன்ஹாட்டன். சப்வே இரவு முழுவதும் ஓடுகிறது. மன்ஹாட்டனுக்குள்ளேயே வடக்குக் கோடியில் தங்குகிறவரை விட இவர் சீக்கிரம் மிட்டவுன் போய்ச் சேர்வார். ‘மன்ஹாட்டனில்தான் தங்க வேண்டும்’ என்ற எண்ணத்துக்கு நாம் கொடுக்கும் விலை கணிசமானது, பல நேரம் தேவையற்றது.

ஒட்டுமொத்தமாகவே நியூயார்க்கில் அறை விலை ஏறியிருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2021 டிசம்பரில் நகர மன்றம், புதிய ஹோட்டல் கட்டத் தனி அனுமதி வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. 2022 முதல் சில ஆண்டுகள் பல ஹோட்டல்கள் புகலிடம் தேடி வந்தவர்களுக்கான தங்குமிடங்களாக மாறின. 2023 செப்டம்பரிலிருந்து வீடுகளைக் குறுகிய நாட்களுக்கு வாடகைக்கு விடும் விதிகள் கறாராயின. ஏலக் காலத்து விலைகளை நினைவில் வைத்துக்கொண்டு இன்று தேடுகிறவர் ஏமாற்றமடைவது அதனால்தான்.

பட்டியல் விலையும் கடைசித் தொகையும்

பழைய ஏலத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. நீங்கள் சொன்ன விலைக்கு மேலே ‘வரிகளும் சேவைக் கட்டணமும்’ என்று ஒரே வரியில் ஒரு தொகை ஏறும். அதில் எது அரசாங்கத்துக்கு, எது தளத்துக்கு என்று பிரித்துக் காட்ட மாட்டார்கள். அறை வரியை ஹோட்டல் வாங்கிய விலைக்குக் கட்டுவதா, வாடிக்கையாளர் கொடுத்த விலைக்குக் கட்டுவதா என்று பல அமெரிக்க நகரங்கள் இந்தத் தளங்களோடு நீதிமன்றம் வரை போயின. நியூயார்க் நகரத்தின் வழக்கில் மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றம் 2013-இல் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

நியூயார்க் நகரத்தில் அறை வாடகையின் மேல் விற்பனை வரி 8.875 சதவீதம், அறை வரி 5.875 சதவீதம், மொத்தம் 14.75. அதோடு ஓர் இரவுக்கு மூன்றரை டாலர் தனி. 200 டாலர் அறை என்றால் வரியோடு 233 ஆகிறது. இதோடு முடிந்தால் நல்லது. மன்ஹாட்டனின் பல ஹோட்டல்கள் ‘டெஸ்டினேஷன் ஃபீ’ என்று தினமும் முப்பது, நாற்பது டாலர் கேட்கின்றன. வைஃபை, ஜிம், கடைச் சலுகைக் கூப்பன் என்று ஏதேதோ சொல்வார்கள். வேண்டாம் என்றாலும் விட மாட்டார்கள். பாடுபட்டு நாற்பது டாலர் குறைத்து வாங்கிய அறை, செக்-இன் மேஜையில் மறுபடி பழைய விலைக்கே போனதுண்டு.

பெயர் தெரியாத அறையில் இந்த அபாயம் இன்னும் அதிகமாக இருந்தது. கட்டணம் உண்டா இல்லையா என்பது சிறிய எழுத்தில் மறைந்திருக்கும். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும். உண்மையிலேயே நல்ல மாற்றம் இது. என்றாலும் அரசு வரிகள் பிறகு ஏறலாம். எனவே இரண்டு தளங்களை ஒப்பிடும்போது, ‘பணம் செலுத்து’ என்ற பொத்தானுக்கு முந்தைய பக்கம் வரை இரண்டிலும் போய், அங்கே இருக்கும் மொத்தத் தொகைகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பக்கத்து எண்களை ஒப்பிடுவது வீண்.

யாருக்கு ஒத்துவரும், யாருக்கு வராது

பெயர் மறைத்த அறைகளில் பொதுவாக இரண்டு பெரியவர்களுக்கு இடம் உறுதி. எப்படிப்பட்ட படுக்கை என்பது உறுதியில்லை. இரண்டு நண்பர்கள் தனித்தனிக் கட்டில் கேட்டால், இருந்தால் கிடைக்கும். குழந்தைகளோடு நான்கு பேர் என்றால் இந்த வழி வேண்டாம் என்பதுதான் என் முடிவான கருத்து. சக்கர நாற்காலியில் இருப்பவர், படி ஏற முடியாத பெற்றோரோடு வருகிறவர், குறிப்பிட்ட மருத்துவமனைக்கு நடந்தே போக வேண்டியவர், விசா தேதி இன்னும் உறுதியாகாதவர், இவர்களும் பெயர் தெரிந்த, கேன்சல் செய்யக்கூடிய அறையையே எடுக்கட்டும். அவர்களுக்கு அந்தக் கூடுதல் தொகை வீண் செலவாகாது.

அமெரிக்காவில் விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிய சீட்டை, பயணத்துக்கு ஏழு நாளாவது இருந்தால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம் என்று மத்திய விதி இருக்கிறது. ஹோட்டலுக்கும் அப்படித்தான் என்று நினைத்துப் பணத்தை இழக்கிறவர்கள் உண்டு. ஹோட்டல் அறைக்கு அப்படி நாடு தழுவிய விதி கிடையாது.

தனியாகவோ இருவராகவோ, தேதி உறுதியான பிறகு போகிறவர்களுக்குத்தான் இது சரியான களம். அவர்களுக்கும் நேராக ரகசிய விலையில் குதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில், பயணம் முடிவானதுமே, இலவசமாக கேன்சல் செய்யக்கூடிய ஓர் அறையைத் தாங்கக்கூடிய விலையில் பதிந்துவையுங்கள். அதோடு உங்களுக்கு ஒரு கூரை உறுதியாகிவிட்டது. மேற்கொண்டு தேடுவதைப் பதற்றமில்லாமல் செய்யலாம். கேன்சல் கெடு எந்தத் தேதி, எத்தனை மணி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரம். வேறு நாட்டிலிருந்து பதிகிறவர்கள் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். கெடுவுக்கு முந்தைய சில நாட்களில் பெயர் மறைத்த விலைகளைத் தினமும் பாருங்கள். மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால் மாறலாம். அதற்குக் கீழே என்றால் கேன்சல் செய்யும் உரிமையை விற்கிற அளவுக்கு அந்த மிச்சம் பெரிதில்லை என்று நினைக்கிறேன். மாறினால் புதியது உறுதியான பிறகே பழையதை ரத்து செய்யுங்கள்.

கடைசி நாள் மாலை வரை காத்திருந்தால் இன்னும் இறங்குமா என்றால், காலி அறைகள் இருக்கும் இரவில் இறங்கும், நிரம்பிய இரவில் ஏறும். எந்த இரவு எப்படி என்பது வெளியில் இருக்கும் நமக்குத் தெரியாது. கையில் ஒரு பதிவை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். பெட்டியோடு தெருவில் நின்றுகொண்டு காத்திருக்க வேண்டாம்.

பணம் கட்டிப் பெயர் தெரிந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஹோட்டலுக்கே நேரடியாகத் தொலைபேசியில் பேசி, பதிவு அவர்கள் கணினியில் வந்துவிட்டதா, யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்து எழுதும்போது நம் பெயர்கள் இடம் மாறிப்போவது வழக்கம். இரண்டு கட்டில் வேண்டுமென்றால் அப்போதே கேளுங்கள். டிஸ்கவுண்ட் தளத்தில் வந்தவருக்கு அறை ஒதுக்குவது பெரும்பாலும் கடைசியில்தான், ஆனால் மரியாதையாக முன்கூட்டியே கேட்டவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு ஏறும். செக்-இன் செய்யும்போது வாடகை முன்பே கட்டியிருந்தாலும், சில்லறைச் செலவுகளுக்கு என்று கார்டில் ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் சில நாட்கள் கைக்கு வராமல் நின்றுவிடும். எவ்வளவு நிறுத்துவார்கள் என்பதையும் அதே தொலைபேசிப் பேச்சில் கேட்டுவிடலாம்.